பட்டாவில் பெயர் இல்லாத விவசாயி

மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறது. யாருக்கு? நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவரின் குடும்பத்துக்கு. அந்த நிலத்தில் விதை தூவியவர், களை எடுத்தவர், அறுத்தவர், தூற்றியவர் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பயிர்க்கடன், மானிய விலை விதை, வறட்சி நிவாரணம் என்று பெரும்பாலானவற்றுக்கும் வாசல் இதுதான். முதலில் பட்டாவைக் காட்ட வேண்டும்.

இந்தியக் கிராமங்களில் உழைக்கும் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், பெண்களின் பொறுப்பில் நடக்கும் சாகுபடி என்று பதிவான நிலப்பிடிப்புகள் சுமார் 14 சதவீதம்தான் (ஒருவர் பொறுப்பில் சாகுபடியாகும் மொத்த நிலம் ஒரு நிலப்பிடிப்பு). பரப்பளவில் பார்த்தால் 12 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வேலை ஒரு பக்கம், பெயர் வேறு பக்கம்.

'பெண் சிறு விவசாயிகளுக்கு ஆதரவு' என்று அரசு அறிக்கைகளிலும் ஐ.நா. ஆவணங்களிலும் அடிக்கடி பார்க்கிறோம். கூடவே 'உணவுப் பாதுகாப்பு', 'காலநிலைத் தாங்குதிறன்' என்று இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு வரும். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதை அந்த அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பார்த்தால் எளிது. அதற்கு முன் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஒரு ஹெக்டேருக்கும், அதாவது இரண்டரை ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர் குறு விவசாயி. ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. இந்தியாவின் நிலப்பிடிப்புகளில் சுமார் 86 சதவீதம் இந்த இரண்டு வகைதான்.

உணவுப் பாதுகாப்பு என்றால் கிடங்கு நிறைய நெல் இருப்பது மட்டுமல்ல. உணவு இருக்க வேண்டும்; அது அந்த வீட்டுக்கு எட்ட வேண்டும்; சாப்பிட்டது உடம்பில் சத்தாகச் சேர வேண்டும்; இந்த மூன்றும் வருஷம் முழுக்க நிலைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தை மாதத்தில் வயிறாரச் சாப்பிட்ட வீடு ஆடி மாதத்தில் கடன் வாங்கிச் சாப்பிட்டால், அங்கே உணவுப் பாதுகாப்பு இல்லை.

காலநிலைத் தாங்குதிறன் என்றால் நஷ்டமே வராமல் இருப்பது அல்ல. மழை பொய்த்த பிறகும் ஆட்டை விற்காமல், நகையை அடகு வைக்காமல், பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல், அடுத்த பருவத்துக்கு விதை எடுத்து வைத்திருக்கிற நிலை. விழுந்தாலும் எழுந்துவிட முடிகிறதா என்பதுதான் கேள்வி.

சரி, இப்போது ஊருக்குப் போகலாம்.

ஜஹீராபாத்தின் ஒரு ஏக்கர்

ஐதராபாத்திலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது ஜஹீராபாத். இன்றைக்குத் தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். பெரும்பாலும் மானாவாரி, மழையை நம்பித்தான் பிழைப்பு. இங்கே தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலச் சீர்திருத்தத்தில் கொஞ்சம் நிலம் கிடைத்திருந்தது. கிடைத்ததெல்லாம் கல்லும் சரளையுமாக, மேல்மண் அரித்துப்போன நிலம். ஏர் பூட்டக் காசில்லாமல் பல ஏக்கர்கள் தரிசாகவே கிடந்தன.

1983இல் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு இங்கே வேலையைத் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பி.வி. சதீஷ், 2023இல் காலமானார். அமைப்பின் பலம் ஊர்தோறும் இருக்கும் பெண்களின் சங்கங்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம்.

அதே 1983இல்தான், அப்போது இந்தப் பகுதியும் சேர்ந்திருந்த ஆந்திராவில் என்.டி. ராமாராவ் ஆட்சிக்கு வந்தார். கிலோ இரண்டு ரூபாய்க்கு ரேஷன் அரிசி வந்தது. பசித்த வீடுகளுக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சோளமும் தினையும் விளைந்த புஞ்சைக் காடுகளில் அது வேறொரு வேலையும் செய்தது. அரிசி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, கஷ்டப்பட்டுச் சோளம் போட்டு என்ன ஆகப்போகிறது? நிலம் தரிசானது. நிலம் தரிசானதும் கூலி வேலை குறைந்தது, மாட்டுக்குச் சோளத்தட்டை இல்லாமல் போனது, மாடு போனதும் எரு இல்லாமல் போனது. ஒரு நல்ல திட்டத்தின் பக்க விளைவை அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் பார்ப்பதே இல்லை. வயலில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரிகிறது.

சங்கத்துப் பெண்கள் தரிசு நிலங்களைத் திரும்ப உழவுக்குக் கொண்டுவந்தார்கள். வரப்பு கட்டி, கல் பொறுக்கி, எரு போட்டு. அந்த நிலங்களில் அவர்கள் என்ன விதைத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

ஒரு ஏக்கரில் பத்து, பதினைந்து, சிலர் இருபது பயிர்கூட. சோளம், தினை, சாமை, கம்பு, துவரை, பச்சைப்பயறு, உளுந்து, கொள்ளு, அவரை, எள், புளிச்சை. பார்க்கிறவர்களுக்கு ஒழுங்கில்லாத காடு மாதிரித் தெரியும். அதில் கணக்கு இருக்கிறது. பச்சைப்பயறு இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். சிறுதானியங்கள் மூன்று மாதம். சோளம் மூன்றரை, நான்கு மாதம். துவரை ஐந்தாறு மாதம் நிற்கும். வேர்கள் இறங்கும் ஆழமும் ஒன்றுபோல இல்லை. துவரை ஆழத்துக்குப் போய் ஈரத்தைத் தேடும், சிறுதானியம் மேல்மண்ணிலேயே முடித்துக்கொள்ளும்.

இப்போது ஆகஸ்ட் மாதம் மூன்று வாரம் மழை இல்லை என்று வையுங்கள். பச்சைப்பயறு அதற்குள் அறுப்புக்கு வந்திருக்கும். சோளம் வாடும், கதிர் சுருங்கினாலும் தட்டை மாட்டுக்கு ஆகும். துவரை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். செப்டம்பரில் ஒரு மழை வந்தால் தழைத்துவிடும். எல்லாமே போகிற வருஷம் என்பது அபூர்வம். பக்கத்து வயலில் பருத்தி மட்டும் போட்டவருக்கோ, அந்த மூன்று வாரம் பூ உதிர்கிற நேரமாக அமைந்துவிட்டால் ஒரே அடியில் எல்லாம் போகும். கடையில் கடனுக்கு வாங்கிய விதையும் உரமும் வட்டியோடு நிற்கும்.

ராபி என்கிற குளிர்காலப் பருவத்தில் கரிசல் நிலத்தில் மண்ணில் தங்கிய ஈரத்தையும் பனியையும் நம்பியே கொண்டைக்கடலை, குசும்பா, ஆளி எல்லாம் எடுக்கிறார்கள்.

விதைக்காமலே வருவதும் உண்டு. பண்ணைக்கீரை போன்றவை பயிர்களுக்கு நடுவே தானாக முளைக்கும். விவசாய அதிகாரியின் பார்வையில் அது களை. அந்தப் பெண்களுக்கு அது மழைக்காலத்துக் குழம்பு. களைக்கொல்லி அடித்த வயலில் இந்த இரும்புச்சத்தும் விட்டமினும் காசில்லாமல் கிடைக்க வழியில்லை. விளைச்சல் கணக்கில் இது எங்கேயும் ஏறாது. கீரையை யாரும் குவிண்டாலில் எடை போடுவதில்லையே.

முடிவு யார் கையில்?

இதெல்லாம் பெண்கள் என்பதால் நடந்ததா? ஆண்கள் கலப்புப் பயிர் போடமாட்டார்களா? போடுவார்கள், காலங்காலமாகப் போட்டும் வந்திருக்கிறார்கள். பெண்களுக்கு இயற்கையோடு ஏதோ தனி உறவு இருக்கிறது என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. விஷயம் ரொம்பச் சாதாரணமானது. வீட்டில் உலை வைக்கிறவருக்கு எந்த மாதம் எது தீர்ந்துபோகும் என்று தெரியும். பணத்தைக் கணக்குப் பார்க்கிறவர் பணம் தரும் பயிரைப் பார்ப்பார். என்ன விதைப்பது என்ற முடிவு பெண்ணிடம் வந்தால், வயலில் ஒரு பகுதியாவது சாப்பாட்டுக்கான வயலாக மாறுகிறது. ஆதரவு என்று சொல்லும்போது பயிற்சி முகாம், தையல் மெஷின், ஊக்கத்தொகை என்று எத்தனையோ சொல்லலாம். நிலம், விதை, தானியம், பணம் ஆகியவற்றைப் பற்றிய முடிவு அவள் கைக்கு வராவிட்டால் மற்றது எல்லாம் மேல்பூச்சுதான்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011இல் ஒரு கணக்குப் போட்டது. ஆண்களுக்குக் கிடைக்கும் அதே நிலம், கடன், உரம், தொழில்நுட்ப வசதி பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும். உலகில் பசியோடு இருப்பவர்களில் 10 முதல் 15 கோடிப் பேரைக் குறைக்கலாம் என்றது. திறமைக் குறைவால் விளைச்சல் குறையவில்லை, கையில் வசதி இல்லாததால்தான் குறைகிறது என்பதே அந்தக் கணக்கின் சாரம்.

ஜஹீராபாத் பெண்கள் இந்த முடிவெடுக்கும் உரிமையை வயலோடு நிறுத்தவில்லை. 1990களின் நடுவில், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் உதவியோடு, ஊருக்கு ஊர் தங்களுக்கென ஒரு தானிய நிதியை உருவாக்கினார்கள். தரிசு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் கடன் கிடைக்கும். திருப்பிக் கட்டுவது பணமாக அல்ல, சோளமாக. சில ஆண்டுகளுக்குத் தவணையாக அந்தச் சோளம் ஊர் நிதிக்கு வரும். பெண்கள் குழு அதைக் கூடைகளில் வேப்பிலையும் சாம்பலும் போட்டுச் சேமித்து, வீடுகளில் தானியம் தீர்ந்துபோகும் மழைக்கால மாதங்களில் குறைந்த விலைக்கு ஏழை வீடுகளுக்கு விற்கும்.

யார் ஏழை என்று யார் தீர்மானிப்பது? ஊரே கூடி, தரையில் ஊரின் வரைபடத்தை வரைந்து, ஒவ்வொரு வீடாகப் பேசி முடிவு செய்தார்கள். மிகவும் ஏழ்மையான வீட்டுக்கு அதிக அளவு, அடுத்த நிலைக்குக் கொஞ்சம் குறைவு. வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகம் போக வேண்டிய வேலையே இல்லை. உள்ளூரிலேயே விளைந்து, உள்ளூரிலேயே சேமித்து, உள்ளூரிலேயே விநியோகம். ரேஷன் கடைக்கு மாற்றாக ஒரு ரேஷன் முறை.

விதையும் அப்படியே. சங்கத்தின் விதைக் களஞ்சியத்திலிருந்து ஒருவர் விதை எடுத்தால், அறுவடைக்குப் பிறகு எடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். இருப்பு வளர்ந்துகொண்டே போகும். மழை தவறி இரண்டாம் முறை விதைக்க வேண்டி வந்தால், கடைக்கு ஓட வேண்டியதில்லை. தாங்குதிறன் என்ற பெரிய சொல்லின் பாதி அர்த்தம் இந்த இரண்டாவது விதைப்பில்தான் இருக்கிறது.

2008இல் மாச்சனூரில் சங்கம் ரேடியோ தொடங்கியது. கிராமத்துப் பெண்களே நிகழ்ச்சி தயாரித்து நடத்தும் சமுதாய வானொலி. விவசாய அலுவலகத்தின் பயிற்சி பெரும்பாலும் காலை பத்தரை மணிக்கு நடக்கும்; அப்போது பெண்கள் காட்டில் இருப்பார்கள். வானொலி மாலையில் வருகிறது, சமைத்துக்கொண்டே கேட்கலாம். இந்தச் சங்கங்களுக்கு 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது.

உரலும் உலக்கையும்

கலப்புப் பயிர், சிறுதானியம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அதில் இருக்கும் வேலை. பத்துப் பயிர் என்றால் பத்து முறை அறுப்பு. கை நடவு, கைக்களை, கை அறுப்பு. அத்தனையும் யார் தலையில் விழும்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு எனப் பல ரகங்களைப் பயிரிட்டு வந்தார்கள். அப்புறம் மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் பயிர், உடனே பணம். சாமைப் பரப்பு சுருங்கியது. பணம் மட்டும் காரணம் இல்லை. சாமையை அரிசியாக்க உரலில் போட்டு இடிக்க வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு மணிக்கணக்கில் உலக்கை பிடிக்கிற பெண், ரேஷன் அரிசி வந்ததும் அதைக் கீழே வைத்ததில் என்ன தப்பு?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காக்கும் வேலை செய்கிறது. விதை வங்கி, மேம்பட்ட சாகுபடி முறை எல்லாம் செய்தார்கள். என் பார்வையில் மிகப் பெரிய மாற்றம் ஊர்களில் வைத்த சிறு அரைவை இயந்திரங்கள்தான். சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் மில்லில் சாமை தோல் நீங்கி வந்ததும், வீட்டுச் சமையலுக்கும் அது திரும்பியது, மாவாகவும் அரிசியாகவும் பாக்கெட் போட்டு விற்கவும் முடிந்தது. ஒரு பயிரை மீட்க வேண்டுமானால் அதை இடிக்கும் கைகளுக்கு முதலில் ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது.

பெண்களின் உழைப்பு இலவசம் என்ற எண்ணத்தின் மேல் கட்டிய 'இயற்கை விவசாய வெற்றிக் கதைகள்' நிறைய இருக்கின்றன. படிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறாள்?

தனியாகவா, சேர்ந்தா?

நிலமே இல்லாத பெண்கள் என்ன செய்வது? கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் குழுத் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குழுவாகக் கடன் வாங்கி, சேர்ந்தே பயிரிட்டுப் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் கேரளக் குழுக்களையும் தெலங்கானாக் குழுக்களையும் ஆராய்ந்தார். கேரளத்தில் குழுப் பண்ணைகளின் ஹெக்டேர் விளைச்சல் மதிப்பு, தனிக் குடும்பப் பண்ணைகளைப்போல 1.8 மடங்கு. தெலங்கானாவில் அப்படி இல்லை; விளைச்சலில் குழுக்கள் பின்தங்கின, கூலிச் செலவு மிச்சமானதால் நிகர லாபத்தில் மட்டும் சமமாக வந்தன. கேரளத்தில் வாழை, காய்கறி போன்ற பயிர்கள், குடும்பஸ்ரீயின் வலுவான வலைப்பின்னல், வங்கிக் கடன், உள்ளாட்சியின் துணை எல்லாம் இருந்தன. ஆகவே 'குழு சேருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது.

வங்கிப் பக்கம் இன்னொரு சிக்கல். பயிர்க்கடன் அளவை ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியாக நிர்ணயிக்கிறார்கள். காப்பீடும் அறிவிக்கப்பட்ட பயிர்களுக்குத்தான். ஒரே வயலில் பன்னிரண்டு பயிர் வைத்திருக்கும் பெண்ணை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? தன் வயலையே காப்பீடாக மாற்றி வைத்திருப்பவருக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பது ஒரு விநோதம்.

மறுபடியும் பட்டா

எங்கே சுற்றினாலும் நிலத்தில்தான் வந்து நிற்கிறது. 2007இன் தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் வைத்திருப்பவரை மட்டுமல்ல, குத்தகைதாரர், விவசாயக் கூலி, பெண் விவசாயி எல்லோரையும் 'விவசாயி' என்றே வரையறுத்தது. கொள்கை சட்டம் ஆகவில்லை. பெண் விவசாயிகளுக்குச் சான்றிதழும் உரிமையும் தரும் தனிநபர் மசோதாவை எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். அது நிறைவேறாமலே காலாவதியானது. 2026ஐ பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் சில வேலைகள் நடக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முன்னேற்றத்துக்கான அரசுக் கழகமான தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை.

பரம்பரை நிலத்தில் மகளுக்குப் பங்கு தரும் விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலங்களில் ஒன்று. 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது, அதற்கு முன்பே திருமணமானவர்கள் மட்டும் விடுபட்டார்கள். 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் நீக்கியது. மகளுக்குப் பங்கு கிடைக்க 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஊரில் நடப்பது வேறு. தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது, சீரும் வராது. கல்யாணத்துக்கே நகை போட்டாச்சே என்பார்கள்.

புருஷன் இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே, சில இடங்களில் மாமனார் பெயரிலேயே கிடப்பது இன்னொரு சங்கதி. அந்த நிலத்தில் அவள்தான் உழைக்கிறாள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் காகிதம் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு அம்மாவோ, அத்தையோ, பெரியம்மாவோ இருந்தால், வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அது கைக்கு வந்த பிறகு அதே இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போடலாம். கிசான் கிரெடிட் கார்டுக்கும் பிஎம் கிசானுக்கும் அதற்குப் பிறகுதான் வழி திறக்கும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேனேஜர் நகை கேட்டால் இதை எடுத்துச் சொல்லலாம்.